கோட்டுக்குப் பின்னால் இரண்டு குழி

20-1-1958, திங்கள்

இன்று ஒன்பது. நேற்று ஏழு. முந்தாநாள் எழுதவில்லை, எழுதக் கை வரவில்லை.

ஒன்பது டபுள் ஃபால்ட். டென்னிஸில் சர்வ் போட ஒருவனுக்கு இரண்டு பந்து தருகிறார்கள். முதல் பந்து தவறினால் பரவாயில்லை, இன்னொன்று இருக்கிறது. அந்த இன்னொன்றையும் நெட்டில் போட்டு, எதிராளிக்கு ஒரு பாயிண்டைத் தாரை வார்க்கும் வேலையை இன்று ஒன்பது முறை செய்தேன். முதல் பந்து நன்றாகத்தான் போகிறது. கூட ஆடும் விக்டரே சொன்னான், "முதல் பந்து புலி மாதிரி வருது மருதை. ரெண்டாவது மட்டும் ஏன் இப்படி?" எனக்குத் தெரிந்தால் உன்னிடம் ஏன் திட்டு வாங்குகிறேன்?

விக்டர் நிரந்தர ஆள். அவன் சிரிக்கலாம். என்னை இந்த ரயில்வே ஆபீஸில் எடுத்ததே டென்னிஸ் ஆடுகிறவன் என்றுதான். ஒரு வருஷம் தற்காலிகம். ஏப்ரலில் நான்கு பேர் கொண்ட அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் இடம் கிடைத்தால் வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் ஏப்ரல் முப்பதோடு கும்பிடு போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

வீட்டில் இது யாருக்கும் தெரியாது. மனைவி மயிலம்மாளுக்கும்தான்.

21-1-1958

எட்டு.

25-1-1958, சனி

ஆளுக்கொரு வைத்தியம். விக்டர் மணிக்கட்டை முறுக்கச் சொல்கிறான். மார்க்கர் கியாசுதீன் பத்து வருஷமாக இந்த மைதானத்தில் எல்லோருக்கும் பந்து போட்டுப் பழக்குகிறவர். அவர், "டாஸ் சரியில்ல சார். பந்தை ஒசரமா எறிங்க, காத்திருந்து அடிங்க" என்கிறார். செக்ரெட்டரி ஹபீபுல்லா சார் மட்டும் மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினார். தேர்வு செய்பவர் அவர்தான். என்ன எழுதினார்? என் பெயருக்கு நேரே எழுதினாரா?

அட்டையில் படம் போட்ட ஒரு டென்னிஸ் புத்தகத்தை லைப்ரரியிலிருந்து எடுத்து வந்தேன். வெள்ளைக்காரன் ஒருவன் சர்வ் போடுவதைப் பன்னிரண்டு படங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மட்டையை முதுகைச் சொறிவதுபோல் பின்னால் கொண்டு போ, முழங்கையை உயர்த்து, பந்தின் உச்சியில் அடி. கூடத்தில் நின்று செய்து பார்த்தேன். மட்டை உத்தரத்தில் இடித்தது. மயில் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, பல்லியா?" என்றாள்.

2-2-1958, ஞாயிறு

மணப்பாறையிலிருந்து மயிலின் அண்ணன் அடைக்கலத்தின் கார்டு. அடுத்த ஞாயிறு வளைகாப்பு. மறுநாள் தங்கையைத் தலைப்பிரசவத்துக்கு ரயிலில் அழைத்துப் போகிறாராம். அத்தோடு விட்டாரா? "மாப்பிள்ளைக்கு ரயில்வே பாஸ் இருப்பதால் செலவு மிச்சம்" என்று ஒரு வரி.

பாஸ்! ரயிலில் இலவசமாகப் போகும் சலுகை தற்காலிக ஆட்களுக்கு எங்கே?

பெண் பார்க்கப் போன அன்று என் அப்பாதான் சொன்னார், "பையன் ரயில்வேயில பெர்மனென்ட்" என்று. சமயபுரத்துப் பக்கம் இரண்டு ஏக்கர் விதைக்கிற மனிதர். மகன் காலேஜில் படித்ததும், அங்கே ஆள் உயரமாக இருக்கிறான் என்று கையில் டென்னிஸ் மட்டையைக் கொடுத்ததும், அதனால் வேலை கிடைத்ததும் அவருக்குப் பெரிய அதிசயம். டெம்பரரி என்பதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. நான் அன்று என்ன செய்தேன்? தட்டில் இருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொய்யை அவர் சொன்னார், நான் தின்றேன்.

மயில் கார்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பாஸ் எழுதி வாங்கணுமா? நாளாகுமா?" என்றாள். "வாங்கிடலாம்" என்றேன். வாய் தானாகச் சொல்கிறது.

9-2-1958, ஞாயிறு

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. ஸ்ரீரங்கம் ரயிலடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஒண்டுக் குடித்தனத்தில் முப்பது பேர். மயிலின் இரண்டு கையிலும் வளையல் முழங்கை வரை. அவள் சிரித்தபோதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்தேன். அடைக்கலம் மச்சான் மணப்பாறை முறுக்கு ஒரு டின் கொண்டு வந்திருக்கிறார். மாட்டுச் சந்தையில் தரகு பார்ப்பவர், யாரையும் மேலும் கீழும் பார்த்துத்தான் பேசுவார். "மாப்பிள்ளை இளைச்சிட்டாரே" என்றார்.

10-2-1958, திங்கள்

இன்று நடந்ததை எழுதினால் நெஞ்சு ஆறுமா பார்க்கிறேன்.

விடிந்ததும் சைக்கிளில் ஜங்ஷனுக்குப் போய் இரண்டு டிக்கெட் எடுத்து வைத்துக்கொண்டேன். ராகு காலம் கழித்து அவர்களை பஸ்ஸில் ஜங்ஷனுக்கு அழைத்து வந்தேன். மச்சான் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். கேட்டில் இருந்தவரிடம் டிக்கெட்டை உள்ளங்கையில் மறைத்து நீட்டினேன். அவர் வாங்கி, டக், டக் என்று இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தார். மச்சான் திரும்பவில்லை. அப்பாடா என்று இருந்தது.

பெட்டியில் ஏற்றி உட்கார வைத்த பிறகுதான் உறைத்தது. மணப்பாறையில் இறங்கினால் அங்கேயும் கேட்டில் கேட்பானே! டிக்கெட் என் பாக்கெட்டில் இருக்கிறது. நானோ போகவில்லை. இது கூடத் தோன்றாத மண்டையை வைத்துக்கொண்டு நான் சர்வ் பழகுகிறேன்.

விசில் ஊதிவிட்டான். மச்சான் அந்தப் பக்கத்து ஜன்னலில் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார். நான் மயிலின் கையைப் பிடிப்பதுபோல் பிடித்து இரண்டு டிக்கெட்டையும் வைத்தேன். அவள் கீழே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.  முந்தானையில் முடிந்துகொண்டாள். வண்டி நகர்ந்துவிட்டது.

என்ன நினைத்திருப்பாள்? என்ன நினைத்திருப்பாள்?

11-2-1958

பதினொன்று. விக்டர் இன்று சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

15-2-1958, சனி

மயிலின் கார்டு. அஞ்சாம் வகுப்பு எழுத்து, கொத்துக் கொத்தாக. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"சுகமாக வந்து சேர்ந்தோம். அண்ணனைப் பெட்டியுடன் முன்னால் போகச் சொல்லிவிட்டு நான் பின்னால் டிக்கெட்டைக் கொடுத்தேன். அவருக்குத் தெரியாது. பாஸுக்கு ஓட்டை போடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஸ்டேஷனுக்கு எதிர்வீட்டில் வளர்ந்தவள் நான். தீபாவளிக்கு வந்தபோதே உங்கள் டிக்கெட்டில் ஓட்டையைப் பார்த்தேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று இருந்தேன். பிள்ளையைப் பார்க்க வரும்போது டிக்கெட் எடுத்துக்கொண்டே வாருங்கள். பொய்யை எடுத்துக்கொண்டு வரவேண்டாம்."

தீபாவளியிலிருந்து தெரியும். மூன்றரை மாதமாக எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, பல்லியா என்று கேட்டுக்கொண்டு!

வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் கோபமும். யார் மேல் என்று தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரியாது என்பதில் ஓர் அற்ப நிம்மதி வேறு. சீ.

3-3-1958, திங்கள்

வீட்டில் ஆள் இல்லை. காலையில் ஒரு மணி நேரம் டாஸ் மட்டும். மட்டையில்லாமல் இடது கையால் பந்தை எறிந்து, விழும் இடத்தில் ஒரு துண்டை விரித்து வைத்தேன். ஐம்பதுக்கு நாற்பத்தொன்று துண்டில் விழுந்தது. ஆக டாஸில் குற்றமில்லை. மணிக்கட்டிலும் இல்லை, விக்டர் சொன்னபடி முறுக்கி முறுக்கி வீங்கியதுதான் மிச்சம். பிறகு எதில்?

சாயங்காலம் பத்து.

14-3-1958, வெள்ளி

புதுத் தலைவலி. எங்கள் மைதானம் சாணி போட்டு மெழுகும் தரை. வாரத்துக்கு இரண்டு தடவை முழுதும் மெழுகுவார்கள். மற்ற நாட்களில் பெயர்ந்த இடத்தை மட்டும் மண்ணும் சாணியும் குழைத்து அடைப்பார்கள். அந்த வேலை பாப்பாயி என்ற அம்மாளுடையது. கியாசுதீன் இன்று என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பாப்பாயி உங்க மேல புகார் சொல்லுது சார். மத்தவங்க நிக்கிற எடத்துல ஒரு குழி. உங்களால மட்டும் ரெண்டு குழியாம். தெனம் ரெண்டு வேலையாம்" என்றார்.

இது ஹபீபுல்லா சார் காதுக்குப் போனால்? ஆட்டமும் வரவில்லை, தரையையும் கெடுக்கிறான் என்றுதானே எழுதுவார்? நாலு வாரம் இருக்கிறது. பட்ட காலிலே படும் என்பது இதுதான்.

16-3-1958, ஞாயிறு

விடியற்காலையில் மைதானம் இருக்கும் பொன்மலைக்கு சைக்கிளை மிதித்தேன். அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை தணிவாகப் பேசிவிட்டு வரலாம் என்று.

பாப்பாயிக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். சாணிச் சட்டியை வைத்துக்கொண்டு, சர்வ் போட நிற்கும் கோட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, நானே அடைச்சுத் தரேன்" என்று சட்டையை மடித்துவிட்டு நானும் குந்தினேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். எனக்குச் சாணி புதிதா? வயலில் வளர்ந்தவன். களத்துமேடு மெழுகிய கை.

முதல் குழி கோட்டை ஒட்டி இருந்தது. அடைத்தேன். அடுத்ததற்கு நகர வேண்டியிருந்தது. ஒன்றரை அடி பின்னால்! என் கை சாணியோடு அப்படியே நின்றுவிட்டது.

"இது யாரு குழி?" என்று கேட்டேன்.

"ரெண்டும் நீங்கதான். மொத பந்துக்கு இங்க நிப்பீங்க. அது போயிருச்சுன்னா, யாரோ அடிக்க வர்ற மாதிரி பின்னால போயி நிப்பீங்க. அங்க நின்னு காலு சும்மா இருக்குதா? மிதிமிதின்னு மிதிக்குது. முன்குழி ஆழம், பின்குழி அகலம். அகலமானது அடைக்கத்தான் சாணி நெறையா ஆகுது" என்றாள். அவளுக்குச் சாணிதான் கவலை.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். பந்தை, கையை, மட்டையை. நானும்தான். பின்னால் போகிறேன் என்று எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

எப்போதிலிருந்து? யோசித்தேன். டிசம்பர். இங்கே நான் ஆடிய முதல் போட்டி. கால் கோட்டைத் தொட்டுவிட்டது என்று ஒரே ஆட்டத்தில் மூன்று முறை ஃபுட் ஃபால்ட் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து கோடு என்றாலே எனக்கு நடுக்கம். முதல் பந்துக்கு எப்படியோ நிற்கிறேன். இரண்டாவதற்குக் கால் தானே ஓடுகிறது. ஒன்றரை அடி பின்னாலிருந்து அதே உயரத்தில் எறிந்து, அதுவும் பயந்து மெதுவாகத் தட்டினால் பந்து நெட்டில் விழாமல் வேறெங்கே விழும்?

திரும்பும்போது ஹபீபுல்லா சார் காரிலிருந்து இறங்கினார். முழங்கை வரை சாணியோடு நான் குட்மார்னிங் சொன்னேன். அவரும் சொன்னார். போச்சு.

19-3-1958, புதன்

குழி தெரிந்தால் போதுமா? இரண்டாவது பந்துக்கும் கோட்டருகே நின்றேன். கால் மரத்துவிட்டது. பதினான்கு! இதுவரை இவ்வளவு இல்லை. ஆறாவது கேமுக்குப் பிறகு பார்த்தால் மறுபடி பின்னால்தான் நிற்கிறேன். என் காலுக்கு எஜமான் யார்?

22-3-1958, சனி

பாப்பாயியிடம் ஒரு உதவி கேட்டேன். பின்குழியைக் காலையில் அடைக்காமல், சாயங்காலம் ஆட்டத்துக்குச் சற்று முன்னால் ஈரச் சாணியால் அடைக்கச் சொன்னேன். பின்னால் போனால் என் வெள்ளை ஷூ பாழ். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "புள்ளைக்கு வேப்பெண்ணெ தடவுற மாதிரியா?" என்றாள். ஆமாம், விரல் சூப்புகிற பிள்ளைதான்.

செய்து கொடுத்தாள். நான் ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. பந்து பொறுக்கப் போன விக்டர் மிதித்துவிட்டான். புது ஷூ. அவன் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

ஏழு.

5-4-1958, சனி

நான்கு. இரண்டாவது பந்தைத் தட்டாமல், மட்டையை மேல்நோக்கிச் சுழற்றி முழு வீச்சில் அடிக்கிறேன். சுழன்று போகிற பந்து நெட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிடுகிறது. மெதுவாகத் தட்டுவதுதான் பத்திரம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பத்து நாளாக ஈரச் சாணி இல்லை. இருந்தாலும் பாப்பாயி தினம் பார்த்துச் சொல்கிறாள், "இன்னைக்குப் பின்னால லேசா ஒரு கீறல்." "இன்னைக்கு இல்ல."

ஒரு வாரம்தான். தூக்கம் இல்லை.

12-4-1958, சனி

அணியில் நாலாவது இடத்துக்கு எனக்கும் ஸ்டோர்ஸ் செக்‌ஷன் சுடலைமுத்துவுக்கும் ஆட்டம். தோற்றுவிட்டேன்.

4-6, 6-3, 7-9. கடைசி செட் ஒன்றேகால் மணி நேரம். ஏழு எட்டு. என் சர்வ். முப்பது நாற்பது, அவனுக்கு மேட்ச் பாயிண்ட். முதல் பந்து வெளியே போனது.  ஹபீபுல்லா சார் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இந்தப் பந்து போனால் வேலை போச்சு, மயில் வீட்டில் மானம் போச்சு, எல்லாம் போச்சு. என் கால் கேட்டது, பின்னால் போகலாமா என்று. கெஞ்சியது. போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, எறிந்து, முழுசாக அடித்தேன்.

பந்து உள்ளே விழுந்தது. நல்ல பந்து. சுடலைமுத்து அதைவிட நல்லதாக ஒன்று திருப்பினான். நான் ஓடி எட்டி நெட்டில் போட்டேன். அவ்வளவுதான்.

கடைசி செட்டில் டபுள் ஃபால்ட் ஒன்றுகூட இல்லை. இதை யாரிடம் சொல்வது? இதற்கு யார் வேலை தருவார்கள்?

13-4-1958

படுத்தே கிடந்தேன். விக்டர் வந்து கதவைத் தட்டினான். திறக்கவில்லை.

18-4-1958, வெள்ளி

நேற்று தந்தி. பெண் குழந்தை, இருவரும் சுகம். இன்று காலை வண்டியில் மணப்பாறை வந்தேன். அடைக்கலம் மச்சான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மச்சான் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். கேட்டில் நான் டிக்கெட்டைக் கொடுத்ததைப் பார்த்துவிட்டார். "என்ன மாப்பிள்ளை, டிக்கெட்டா? பாஸ் என்னாச்சு?" என்றார்.

வேறு சட்டையில் இருக்கிறது. அவசரத்தில் மறந்தேன். எழுதி வர நாளாகிறது. மூன்று பொய்யும் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. கால் பின்னால் போகப் பார்த்தது. நின்ற இடத்திலேயே நின்றேன்.

"பாஸ் கிடையாது மச்சான். எப்பவுமே இருந்ததில்ல. நான் டெம்பரரி. ஆட்டத்துல ஜெயிச்சா பெர்மனென்ட்னாங்க. போன சனிக்கிழமை தோத்துட்டேன். இந்த மாசத்தோட வேலை இல்ல. மயிலுக்கு முன்னாலேயே தெரியும். நானே சொல்லட்டும்னு இருந்திருக்கா."

மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார், சந்தையில் பார்க்கிற பார்வை. நாலு பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"மாட்டுக்குச் சுழி தப்பா இருந்தா விக்கும்போதே சொல்லிடணும். மறைச்சு வித்தவன் மறுபடி சந்தையில கால் வைக்க முடியாது. உங்கப்பா சுழியை மறைச்சு வித்துட்டாரு" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மாட்டைத் திருப்பி ஓட்டிட்டுப் போயி விடலாம். மாப்பிள்ளையை எங்க கொண்டு போயி விடுறது? நடங்க, பிள்ளையைப் பாருங்க. உங்க மூக்குதான் வந்திருக்கு, பாவம்." பையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மயிலிடம் சொன்னேன். "மொகம் தெளிஞ்சிருக்கே, அப்பவே நெனச்சேன்" என்றாள். பிள்ளையை என் கையில் கொடுத்தாள். எவ்வளவு சிறிய உள்ளங்கால்!

28-4-1958, திங்கள்

ஹபீபுல்லா சார் கூப்பிட்டார். கணக்குத் தீர்த்து அனுப்பத்தான் என்று மேஜையைக்கூடச் சுத்தம் செய்துவிட்டுப் போனேன்.

"அணியில நாலு பேர்தான். உங்களை ரிசர்வா எழுதியிருக்கேன். இன்னும் ஒரு வருஷம் டெம்பரரியாவே நீட்டிக்கச் சொல்லி எழுதினேன், ஒத்துக்கிட்டாங்க. அடுத்த ஏப்ரல்ல மறுபடி ஆடணும்" என்றார். கும்பிட்டேன். கதவு வரை போனபோது, "அந்தக் கடைசி ரெண்டாவது பந்து" என்று ஆரம்பித்தார். திரும்பினேன். "ஒண்ணுமில்ல, போங்க" என்று ஃபைலை எடுத்துக்கொண்டார்.

இன்னும் ஒரு வருஷம். மறுபடி இதே பயம், இதே ஏப்ரல். இருந்தாலும் சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டும்போது பாட்டு முணுமுணுத்திருக்கிறேன்.

13-7-1958, ஞாயிறு

ஆடி பிறப்பதற்குள் மயிலையும் பிள்ளையையும் அழைத்து வந்துவிட்டேன். மணப்பாறையில் நான் டிக்கெட் எடுக்க வரிசையில் நின்றபோது மச்சான் பக்கத்தில் நின்றவரிடம் உரக்கச் சொன்னார், "நம்ம மாப்பிள்ளை ரயில்வேதான். டெம்பரரி. அடுத்த வருஷம் ஆட்டம் இருக்கு." சொல்லிவிட்டு எனக்குக் கண்ணடித்தார். கேட்டில் டிக்கெட்டை மயில்தான் நீட்டினாள். டக் என்ற சத்தத்துக்குப் பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. இந்தத் தடவை முந்தானையில் முடிந்துகொள்ளவில்லை, வழி நெடுகக் கையிலேயே வைத்திருந்தாள்.

நேற்றைய எண்ணிக்கை எழுத மறந்திருக்கிறேன். இரண்டா, மூன்றா? நினைவில்லை.

பாப்பாயி நேற்றும் சண்டை பிடித்தாள். கோட்டுக்குப் பின்னால் ஒன்றரை அடியில் யாரும் மிதிக்காமல் புல் முளைத்துவிட்டதாம். அதைப் பிடுங்குவதும் இப்போது அவள் தலையில்தானாம்.